ஒரு காயக்கட்டு நிறுவனம் எவ்வாறு வளர்கிறது?

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் ஒன்றில் கவாத்து வேலை பார்த்துவந்த என் பெரியப்பாவுக்கு வலது உள்ளங்காலில் ஒரு புண் வந்தது. பல ஆண்டுச் சர்க்கரை நோயால் கால் மரத்துப்போயிருந்ததால், ரப்பர் பூட்ஸுக்குள் கிடந்த சிறு கல்லை மாலையில் கழற்றும்வரை அவர் உணரவே இல்லை. அந்தப் புண் ஆற ஏழு மாதங்கள் ஆயின. ஒருநாள் விட்டு ஒருநாள், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்கு வந்து, வரிசையில் காத்திருந்து, கட்டை மாற்றிக்கொண்டு, மாலைப் பேருந்தில் மலையேறுவதே அவருக்கும் பெரியம்மாவுக்கும் அந்த மாதங்களில் வேலையாகிப்போனது. “கட்டுக்கு ஆன காசு கொஞ்சந்தான் கண்ணு, பஸ்சுக்கும் போன கூலிக்கும் ஆனதுதான் தாங்கல” என்று அவர் ஒருமுறை என்னிடம் சொன்னார். காயப் பராமரிப்புக் கருவிகளைச் செய்யும் நிறுவனங்களில் சில ஏன் பெரிதாக வளர்கின்றன, பல ஏன் நின்ற இடத்திலேயே நிற்கின்றன என்று பின்னாளில் படிக்கத் தொடங்கியபோது, பெரியப்பா போட்ட அந்தக் கணக்கே திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டது. அந்தக் கணக்கை முதல் படியிலிருந்து விளக்க இங்கே முயல்கிறேன்.

மருத்துவக் கருவி என்றதும் நமக்கு ஸ்கேன் இயந்திரமும் செயற்கைச் சுவாசக் கருவியும் நினைவுக்கு வருகின்றன. சட்டத்தின் பார்வையிலோ காயத்தின்மேல் வைக்கும் வலைத்துணியும் ஒட்டும் பிளாஸ்திரியும்கூட மருத்துவக் கருவிகளே. ஒரு பொருள் தன் முதன்மையான வேலையை உடலுக்குள் வேதிவினையால் செய்தால் அது மருந்து; மூடுதல், உறிஞ்சுதல், அழுத்துதல், தாங்குதல் போன்ற வழிகளில் செய்தால் அது கருவி என்று தொடக்கத்தில் புரிந்துகொண்டால் போதும். ஆகவே காயப் பராமரிப்பு நிறுவனம் என்பது பஞ்சு விற்பதிலிருந்து மின்விசையால் இயங்கும் உறிஞ்சு பம்பு வரை பலவற்றைச் செய்யக்கூடிய ஒரு மருத்துவக் கருவி நிறுவனம்.

உடல்நலமுள்ள ஒருவருக்குக் கத்தி கீறினால், இரத்தம் உறைந்து, சில நாள்கள் வீங்கிச் சிவந்து, அடியிலிருந்து புதுச்சதை வளர்ந்து, மேலே தோல் மூடி, பின்னர் தழும்பு முதிர்கிறது. இந்த வரிசை தடைபடாமல் நடந்தால் எந்தக் கட்டைப் போட்டாலும் பெரும்பாலும் புண் ஆறிவிடும். அங்கே ஒரு நிறுவனம் விற்கக்கூடியது ஒன்றோ இரண்டோ கட்டுகள்தாம். சர்க்கரைப் புண், படுக்கைப் புண், சுருண்ட சிரைகளால் கணுக்காலுக்குமேல் வரும் புண் ஆகியவை அப்படியல்ல. அவை வீக்கம், நீர்க்கசிவு என்ற இரண்டாம் கட்டத்திலேயே மாதக்கணக்கில் தேங்கிவிடுகின்றன. காயப் பராமரிப்புத் தொழிலின் வளர்ச்சி பெரும்பாலும் இந்த ஆறாப் புண்களைச் சுற்றியே அமைந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, நாட்டில் வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கும், தமிழ்நாட்டில் 14.4 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நோய் இருப்பதாகக் கண்டது. அவர்கள் எல்லோருக்கும் புண் வருவதில்லை. வருபவர்களுக்கோ அது எளிதில் ஆறுவதில்லை.

இனி இத்தொழிலைத் தலைகீழாக மாற்றிய ஒரு கண்டுபிடிப்பு. தமிழில் ஒருவரிடம் நலம் விசாரிக்கும்போது “புண் காய்ஞ்சிடுச்சா?” என்றுதான் கேட்கிறோம். காய்வதும் ஆறுவதும் ஒன்றே என்பது நம் பேச்சில் ஊறிப்போன நம்பிக்கை. புண்ணைக் காற்றாட விடு, தண்ணீர் படவிடாதே என்று வீட்டுக்கு வீடு சொல்லப்படுகிறது. உலகெங்கும் மருத்துவமனைகளும் ஏறக்குறைய அவ்வாறே நம்பியிருந்தன. 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், பன்றிகளின் தோலில் சிறு காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றாட விட்டு, சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடிவைத்துப் பார்த்தார். மூடப்பட்டு ஈரமாக இருந்த காயங்களில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக வளர்ந்திருந்தது. காய்ந்த பொருக்கு புதுத்தோலுக்கு மதில்சுவர் போன்றது. வளரும் செல்கள் அதன் அடியில் ஈரம் தேடிச் சுற்றுவழியில் போக வேண்டியிருக்கிறது. ஈரம் இருந்தால் அவை நேராக ஊர்ந்து செல்கின்றன. அடுத்த ஆண்டே மனிதத் தோலிலும் இது உறுதியாயிற்று.

இந்த ஒரு செய்தி அதுவரை துணியாக இருந்த பொருளைக் கருவியாக்கியது. வலைத்துணிக்கு இரண்டே வேலைகள்: மூடும், உறிஞ்சும். ஈரத்தை அளவோடு வைத்திருக்கும் கட்டோ, மிகுந்த நீரை இழுத்துக்கொள்ள வேண்டும், தேவையான ஈரத்தை விட்டுவைக்க வேண்டும், கிருமியை உள்ளே விடாமல் நீராவியை மட்டும் வெளியே விட வேண்டும், எடுக்கும்போது புதுத்தோலைப் பிய்த்துக்கொண்டு வரக் கூடாது. இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு பொறியியல் சிக்கல். ஒவ்வொரு சிக்கலின் தீர்வும் ஒரு காப்புரிமை. ஒவ்வொரு காப்புரிமையும் ஒரு நிறுவனத்துக்கு வளர இடம். நீர் குறைவான மேலோட்டமான புண்ணுக்கு ஒளி ஊடுருவும் படலம், நடுத்தரமான கசிவுக்குக் கூழாக மாறும் ஒட்டுப்பட்டை, மிகுந்த கசிவுக்குப் பாலியூரித்தேன் நுரை, குழிவான புண்ணுக்குக் கடற்பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட் இழை என்று 1970-களிலிருந்து வரிசையாக வந்தன.

அந்தக் கூழ்ப்பட்டையின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். குடல் அறுவைக்குப் பிறகு வயிற்றில் பை பொருத்தியவர்களின் தோலில் உறுத்தாமல் ஒட்டுவதற்காக ஸ்க்விப் நிறுவனம் ஓர் ஒட்டுப்பொருளைப் பயன்படுத்திவந்தது. 1978-இல் அந்நிறுவனத்தின் இந்தப் பிரிவு கான்வாடெக் என்ற பெயரில் அமைந்தது. அதே வகை ஒட்டுப்பொருளைக் காயத்துக்குக் கொண்டுவந்து, டியோடெர்ம் என்ற கட்டாக 1980-களின் தொடக்கத்தில் அது விற்றது. தன் கையில் ஏற்கெனவே இருந்த ஒரு பொருளின் இயல்பை இன்னொரு நோயாளியின் தேவைக்குப் பொருத்திப் பார்த்ததே அந்த நிறுவனம் வளர்ந்த வழி. புதிதாக எதையோ கண்டுபிடித்தால்தான் தொழில் தொடங்க முடியும் என்று எண்ணும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

இப்போது பெரியப்பாவின் கணக்குக்கு வருவோம். கீழே உள்ள விலைகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. வலைத்துணிக் கட்டு ஒருமுறைக்கு ரூ.60, ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்ற வேண்டும் என்றால் 28 நாள்களில் 14 கட்டுகள். கட்டுச் செலவு ரூ.840. நுரைக் கட்டு ஒன்று ரூ.450, நான்கு நாள்களுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்றால் 7 கட்டுகள். கட்டுச் செலவு ரூ.3,150. கட்டின் விலையை மட்டும் பார்ப்பவர் வலைத்துணியைத்தான் வாங்குவார். இத்துடன் ஒவ்வொரு முறையும் மலையிலிருந்து வந்துபோக ரூ.140, இழந்த கூலி ரூ.500 என்று சேர்த்துக்கொள்ளுங்கள். 14 பயணங்களுக்கு மொத்தம் ரூ.9,800, 7 பயணங்களுக்கு மொத்தம் ரூ.7,630. விலை ஏழரை மடங்கு அதிகமான கட்டு, மாதத்தின் முடிவில் ரூ.2,170 மிச்சமாக்குகிறது. புண் சில வாரங்கள் முன்னதாக ஆறினால் மிச்சம் இன்னும் கூடும்.

ஆனால் அந்த மிச்சம் யாருக்குக் கிடைக்கிறது? கட்டு வாங்கும் மருத்துவமனைக்கு ரூ.2,310 கூடுதல் செலவு. பேருந்துக் காசும் கூலியும் மிஞ்சுவதோ நோயாளிக்கு. செலவு ஒருவர் கையில், சேமிப்பு இன்னொருவர் கையில். காயப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் வளர்ச்சி பெரும்பாலும் இந்த இடைவெளியைக் கடப்பதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. கட்டின் விலையைக் கேட்பவரிடம், புண் ஆறும்வரை ஆகும் மொத்தச் செலவைக் கேட்கும்படி சொல்லி, அதை ஏற்கும் அளவுக்குச் சான்றும் காட்டினால், அந்த நிறுவனம் வளரும். அதைச் செய்ய முடியாதது, எவ்வளவு நல்ல பொருளை வைத்திருந்தாலும், ஒப்பந்தப்புள்ளியில் மிகக் குறைந்த விலை சொன்னவரிடம் தோற்றுக்கொண்டே இருக்கும்.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் தோன்றிய கே.சி.ஐ. என்ற நிறுவனம். அவசர சிகிச்சை மருத்துவரான ஜேம்ஸ் லைனிங்கர் 1976-இல் அதைத் தொடங்கினார். அசைய முடியாத நோயாளிகளை மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கும் சிறப்புப் படுக்கைதான் அதன் முதல் பொருள். படுக்கைப் புண்ணைத் தடுப்பதும் காயப் பராமரிப்பே. பின்னர் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் லூயி அர்ஜென்டாவும் மைக்கேல் மோரிக்வாஸும் வேறொரு முறையை உருவாக்கினார்கள். புண்ணின் குழிக்குள் துளைகள் நிறைந்த நுரையை வைத்து, மேலே படலத்தால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு குழாயின் வழியே பம்பால் உறிஞ்சுவார்கள். வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட 125 மில்லிமீட்டர் பாதரச அளவு குறைவாக வைப்பதே வழக்கம். கசிநீர் வெளியேறுகிறது, வீக்கம் தணிகிறது, புண்ணின் ஓரங்கள் உள்நோக்கி இழுபடுகின்றன, புதுச்சதை வளரத் தூண்டப்படுகிறது. நம் ஊர் மருத்துவமனைகளில் ‘வேக் (VAC) டிரஸ்ஸிங்’ என்று சொல்வது இதைத்தான்; பல்கலைக்கழகத்தின் பெயரை அல்ல, வெற்றிட உறிஞ்சலைக் குறிக்கும் சுருக்கம் அது. கே.சி.ஐ. இதற்கான உரிமையைப் பெற்று 1995-இல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதியைப் பெற்றது. ஆய்வுக் கட்டுரைகள் 1997-இல் வெளியாயின.

அந்த நிறுவனம் பம்பை நோயாளிக்கு விற்பதைவிட வாடகைக்கு விடுவதையே பெரும்பாலும் செய்தது. பம்பு நோயாளியிடம் இருக்கும் ஒவ்வொரு நாளும் வாடகை. சில நாள்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய நுரை, குழாய், கசிநீர்க் கலன் ஆகியவற்றுக்குத் தனி விலை. கருவி ஒருமுறை உள்ளே போனால், அதற்கான நுகர்பொருள் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். இதற்கும்மேல், அமெரிக்க அரசின் மூத்தோர் காப்பீடான மெடிகேர், வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் பம்புக்கும் பணம் தர 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஒப்புக்கொண்டது. மருத்துவமனைப் படுக்கையில் ஒருநாள் இருப்பதைவிட வீட்டில் பம்புடன் இருப்பது காப்பீட்டுக்கு மலிவு. செலவும் சேமிப்பும் ஒரே கையில் வந்து சேர்ந்ததால் இடைவெளி மறைந்தது. பத்தே ஆண்டுகளில், 2010-இல், அந்நிறுவனத்தின் ஆண்டு வருவாய் ஏறக்குறைய 200 கோடி டாலரைத் தொட்டது. 2011-இல் முதலீட்டு நிறுவனங்கள் அதை வாங்கின. அசெலிட்டி என்று பெயர் மாறியதை 2019-இல் 3எம் நிறுவனம் கடன்களையும் சேர்த்துச் சுமார் 670 கோடி டாலருக்கு வாங்கியது. 2024-இல் 3எம்-இன் மருத்துவப் பிரிவு முழுவதும் சால்வென்டம் என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது. பெரிய நிறுவனம் சிறியதை விழுங்குவது இத்துறையில் அன்றாட நிகழ்வு.

பொருளும் கணக்கும் சரியாக இருந்தால் மட்டும் போதாது. கட்டு கிருமியற்றதாக இருக்க வேண்டும். ஒரு கட்டில் உயிருள்ள கிருமி இருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்பதே பொதுவான அளவுகோல். அதற்காக எத்திலீன் ஆக்சைடு வாயுவாலோ காமா கதிராலோ கிருமிநீக்கம் செய்கிறார்கள். அந்தக் கிருமிநீக்கத்தில் பொருளின் இயல்பு கெடவில்லை என்பதையும் காட்ட வேண்டும். இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் கருவிகளை ஆபத்தின் அளவைக்கொண்டு ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றன. எளிய உறிஞ்சு கட்டுகள் கீழ் வகுப்பிலும், ஆழமான புண்ணுக்கானவையும் விலங்குத் திசுவால் ஆனவையும் மேல் வகுப்புகளிலும் வருகின்றன. முதல் இரண்டு வகுப்புகளைத் தயாரிக்க மாநில உரிமமும், மற்ற இரண்டுக்கு மத்திய உரிமமும் வேண்டும். முன்னவற்றுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், பின்னவற்றுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் உரிமம் கட்டாயமாயிற்று. இந்த ஆவணங்களைத் திரட்டும் காலத்தில் வருவாய் இராது, சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். சிறு நிறுவனங்கள் மூச்சுத் திணறுவது பெரும்பாலும் இங்கேதான்.

இன்னொன்றை முதலீட்டாளர்கள் குறைத்தே மதிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது: கட்டுப் போடும் செவிலியர். எந்தப் புண்ணுக்கு எந்தக் கட்டு, எப்போது மாற்றுவது, எப்போது தொடாமல் விடுவது என்பதை அறிந்தவர் கையில்தான் நான்கு நாள் கட்டு நான்கு நாள் நிற்கும். அறியாதவர் நுரைக் கட்டை வைத்துவிட்டு, பழைய வழக்கப்படி மறுநாளே பிரித்துப் பார்த்துவிடுவார். மேலே நாம் போட்ட கணக்கு அந்தக் கணமே உடைந்துவிடும். பெரியப்பாவுக்கு ஒரு சிறு மருத்துவ நிலையத்தில் அப்படித்தான் நடந்தது. விலையுயர்ந்த கட்டு ஒன்றை நாங்கள் வாங்கிக் கொடுக்க, அடுத்த நாளே அதைக் கழற்றிப் பழைய துணியையே வைத்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கட்டைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வளர்ந்த நிறுவனங்கள் விற்பனையாளரை மட்டும் அனுப்பாமல், காயப் பராமரிப்பு தெரிந்த செவிலியரையும் பயிற்றுநராக அனுப்புவது இதனால்தான்.

எல்லா வளர்ச்சியும் நல்ல வளர்ச்சி அல்ல. அமெரிக்காவில், ஆறாப் புண்ணின்மேல் தோலுக்குப் பதிலாக வைக்கும் தோல் மாற்றுப் பொருள்களுக்காக மெடிகேர் செலவழித்த தொகை 2019-இல் 25.2 கோடி டாலராக இருந்தது. 2024-இல் 1,000 கோடி டாலரைத் தாண்டியது. புண்கள் ஐந்து ஆண்டுகளில் நாற்பது மடங்கு பெருகிவிடவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் நிறுவனம் சொன்ன விலையையொட்டிப் பணம் தரும் முறை இருந்ததால், விலையை ஏற்றுவதே வளர்ச்சிக்கு எளிய வழியாகிவிட்டது. 2026 முதல் சதுர சென்டிமீட்டருக்கு ஒரே சீரான தொகை என்று அரசு மாற்றியபோது, அந்த முறையை நம்பி வளர்ந்தவர்களின் வருவாய் ஆட்டம் கண்டது. ஒரு காயப் பராமரிப்பு நிறுவனம் இவ்வளவு வளர்ந்தது என்ற செய்தியைப் படிக்கும்போது, கூடுதலானோருக்குப் புண் ஆறியதால் வளர்ந்ததா, விலை கூடியதால் வளர்ந்ததா என்று கேட்டே தீர வேண்டும்.

சிறிய ஊரிலிருந்தும் வளர முடியும் என்பதற்கு ஐஸ்லாந்தின் கெரெசிஸ் சான்று. சில ஆயிரம் பேரே வாழும் ஈசாஃபியோர்துர் என்ற மீன்பிடி ஊரில், வீணாகக்கூடிய காட் மீனின் தோலைப் பதப்படுத்திக் காயத்தின்மேல் வைக்கும் திசுவாக்கினார்கள். பாலூட்டிகளின் திசுவில் வைரஸ் பரவும் அச்சத்தால் கடுமையாகப் பதப்படுத்த வேண்டியிருக்கிறது. குளிர்கடல் மீனில் அந்த அச்சம் இல்லாததால் மென்மையான முறை போதும், தோலின் இயற்கை அமைப்பும் கெடுவதில்லை. 2023-இல் டென்மார்க்கின் கோலோபிளாஸ்ட் அந்நிறுவனத்தை 130 கோடி டாலர் வரையிலான விலைக்கு வாங்கியது. இங்கிலாந்தின் ஹல் நகரில் 1856-இல் தாமஸ் ஜேம்ஸ் ஸ்மித் தொடங்கி, இன்று உலகின் பெரிய காயப் பராமரிப்பு நிறுவனங்களுள் ஒன்றாக இருக்கும் ஸ்மித் அண்ட் நெஃப்யூவும் தொடக்கத்தில் காட் மீனின் ஈரல் எண்ணெய் விற்ற கடைதான் என்பது வியப்பான ஒற்றுமை.

இதைப் படித்தபோது சேலத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசாகும் வெள்ளி, கிருமியை அடக்கும் காயக்கட்டுகளில் அயனியாகக் கலக்கப்படும் அதே உலோகம். மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகள் இங்கே நிறைய. மாவுச்சத்தை மாற்றியமைத்த நுண்மணிகளில் அயோடினைப் பொதிந்து, புண்ணின் கசிவை உறிஞ்சும்போது சிறிது சிறிதாக அதை விடுவிக்கும் கட்டுகள் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளன. தோலுக்கு வலுத்தரும் கொல்லாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பை 1954-இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்களுக்கு ஆய்வுப் பொருளாகக் கங்காருவின் வால் தசைநாரைத் தந்தது பக்கத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். மூலப்பொருளுக்கும் அறிவுக்கும் இங்கே குறைவில்லை. ஆனால் கொலுசு வெள்ளியைக் கொண்டுவந்து துணியில் பூசினால் காயக்கட்டு ஆகிவிடாது. எவ்வளவு வெள்ளி, எத்தனை மணி நேரத்தில் வெளிவருகிறது, புதுச்சதையைப் பாதிக்கிறதா, எத்தனை நோயாளிகளிடம் பார்த்தோம் என்ற கேள்விகளுக்கு விடை சேர்க்க ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளைத் தாங்கும் பணமும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோடு சேர்ந்து முறையாக ஆய்வு செய்யும் பொறுமையும் உள்ள ஒரு நிறுவனத்துக்கு, ஓரகடத்தில் அமையும் மருத்துவக் கருவிப் பூங்கா போன்ற இடங்களின் பொதுவான ஆய்வுக்கூட வசதிகள் சுமையைக் குறைக்கலாம். 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாகக் கொள்முதல் செய்துவருகிறது. அந்தக் கொள்முதலில் கட்டின் விலையோடு கட்டு மாற்றும் எண்ணிக்கையும் கணக்கில் வருமானால், மலையூர்களில் இருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை என்று நான் கருதுகிறேன்.

ஒன்றை விட்டுவிடக் கூடாது. பெரியப்பாவின் புண் ஆறியது கட்டால் மட்டும் அல்ல. ஆறாம் மாதத்தில் ஒரு மருத்துவர் புண்ணைப் பார்த்துவிட்டு, “இதுமேல மிதிச்சுக்கிட்டே இருந்தா எதைப் போட்டாலும் ஆறாதுங்க” என்று சொல்லி, பாதத்தின் எடையைப் புண்ணிலிருந்து விலக்கும் மாவுக்கட்டைப் போட்டுவிட்டார். சர்க்கரையையும் இறுக்கிப் பிடித்தார். ஐந்து வாரங்களில் தோல் மூடியது. உணர்வற்ற பாதம் கெடுவதற்கு மீண்டும் மீண்டும் படும் அழுத்தமே காரணம் என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். அவ்வழியில் பரவிய மாவுக்கட்டு முறையும், நுண்துளை ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பும் இன்றுவரை பயன்படுகின்றன. பெரியப்பா இப்போது தோட்டத்துக்குப் போவதில்லை. சேலத்தில் அளவெடுத்துத் தைத்த எம்.சி.ஆர். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை நடக்கிறார். அதன் ரப்பர் அமுங்கித் தட்டையானதும் அடுத்த சோடிக்காக மட்டும் மலையிறங்குகிறார்.